பக்கத்தில் இருப்பவருக்கான பாடம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. எங்கள் ஷட்டில் கிளப்பில் அந்த நேரத்துக்கு முதல் ஆட்டம் முடிந்திருக்கும். அன்று நெட்டை அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிட்டு, கோர்ட் நடுவே இரண்டு ஜமக்காளம் விரித்திருந்தார்கள். அதன் மேல் இடுப்புக்குக் கீழே இல்லாத மூன்று ரப்பர் பொம்மைகள் மல்லாந்து கிடந்தன. வீட்டு ஆட்களையும் கூட்டி வாருங்கள் என்று செயலாளர் வாட்ஸ்அப்பில் மூன்று நாளாகக் கெஞ்சியிருந்ததால் மனைவிமார், பிள்ளைகள், இரண்டு மாமியார்கள் என்று நாற்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். சுண்டலும் டீயும் உண்டு என்று போட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சொல்லித்தர வந்தவர் ஓய்வுபெற்ற ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். சிபிஆர், அதாவது இதயம் நின்றவரின் நெஞ்சை அமுக்கி உயிர் காக்கும் முதலுதவி, என்றால் என்ன என்று அவர் ஆரம்பிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த எங்கள் சீனியர் ஒருவரைக் காட்டி, "சார் இப்போ இங்கே விழுந்தா யார் முதல்ல ஓடுவீங்க?" என்றார். பத்துக் கை உயர்ந்தது. "ராத்திரி ரெண்டு மணிக்கு வீட்டுல பாத்ரூம் வாசல்ல விழுந்தா?" கைகள் இறங்கின. எல்லோரும் அவருடைய மனைவியைத் திரும்பிப் பார்த்தோம். அந்த அம்மா, "எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா" என்றார். "அதுக்குத்தான் உங்களை வரச் சொன்னது. முன்னாடி வாங்க" என்றார் சிஸ்டர்.

ஒரு முதலுதவி வகுப்பை மருத்துவக் கல்லூரி அரங்கில் வைக்காமல் ஷட்டில் கோர்ட்டிலும் குடியிருப்போர் சங்கக் கூட்டத்திலும் ஏன் வைக்க வேண்டும் என்ற கேள்விக்கு இந்த ஒரு நிமிடமே பதில். மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோகும் நிகழ்வுகளில் சுமார் 70 சதவீதம் வீட்டில்தான் நடக்கின்றன என்பது அமெரிக்கப் பதிவேடுகள் காட்டும் கணக்கு. எதுவும் செய்யாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைந்துகொண்டே போகும். நாலைந்து நிமிடத்தில் மூளை கெடத் தொடங்கிவிடும். தமிழ்நாட்டுக்கு 108 ஆம்புலன்ஸ் 2008-இல் வந்தது. எவ்வளவு விரட்டி வந்தாலும், போனை எடுத்து, முகவரி சொல்லி, வண்டி சந்து திரும்பி, ஸ்ட்ரெச்சர் மூன்றாம் மாடி ஏறுவதற்குள் அந்த நாலைந்து நிமிடம் போயிருக்கும். அது வீட்டாரின் கையில் இருக்கும் நேரம். அல்லது கூட ஆடிக்கொண்டிருந்தவரின் கையில்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். மாரடைப்பும் இதயம் நின்றுபோவதும் ஒன்றல்ல. மாரடைப்பில் இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுகிறது. ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவார், வியர்ப்பார், பேசுவார். அவர் நெஞ்சை யாரும் அமுக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இதயம் நின்றால் ஆள் சரிந்துவிடுவார். கூப்பிட்டால் குரல் இல்லை, தட்டினால் அசைவில்லை, மூச்சு இல்லை. மூச்சு விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பத்தில் நாலு பேருக்காவது முதல் சில நிமிடங்கள் குறட்டை மாதிரி, மீன் வாய் திறப்பது மாதிரி விட்டுவிட்டு ஓர் இழுப்பு இருக்கும். வீட்டார் அதை மூச்சு என்று நினைத்துக் காத்திருப்பார்கள். சிஸ்டர் அந்த இழுப்பைத் தானே செய்து காட்டினார். பின்வரிசையில் ஒரு பெண்மணி எழுந்து வெளியே போனார். அவருடைய அப்பா போனபோது இதே சத்தம்தான் கேட்டதாம்.

இந்த அமுக்கும் முறை இன்றைய வடிவில் வந்து எழுபது வருடம்கூட ஆகவில்லை. அதற்கு முன் இதயம் நின்றால் நெஞ்சைக் கிழித்துத் திறந்து, கையால் பிசைய வேண்டும். அதை அறுவை சிகிச்சை நிபுணர்தான் செய்ய முடியும். அமெரிக்காவின் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், இதயத் துடிப்பை மீட்கும் மின்அதிர்ச்சிக் கருவி செய்துகொண்டிருந்தவர் வில்லியம் கோவன்ஹோவன். அவர் டாக்டரே இல்லை, மின்பொறியியல் பேராசிரியர். அவரிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்த கய் நிக்கர்பாக்கர், நாயின் நெஞ்சில் கருவியின் தகடுகளை அழுத்தி வைக்கும்போதே ரத்த அழுத்தம் ஒரு துள்ளு துள்ளுவதைக் கவனித்தார். மின்சாரம் பாய்வதற்கு முன்பே! அந்த அழுத்தம் மட்டுமே ரத்தத்தைத் தள்ளுகிறது என்று பிடித்துக்கொண்டார்கள். அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூடும் சேர்ந்து மூவருமாக 1960-இல் கட்டுரை வெளியிட்டார்கள். யாரும், எங்கும் இதைத் தொடங்கலாம், இரண்டு கை இருந்தால் போதும் என்று அதிலேயே எழுதியிருந்தார்கள்.

எழுதினார்களே தவிர, அந்த 'யாரும்' வெகுநாள் ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்தது. அறுபதுகள் முழுக்க இது டாக்டர், நர்ஸ், மீட்புப் படையினர் ஆகியோருக்கான வித்தை. பொதுஜனம் செய்தால் விலா எலும்பை உடைத்துவிடுவார்கள், தப்பான ஆளின் நெஞ்சில் ஏறிவிடுவார்கள் என்று பயம். பொதுமக்களுக்கும் கற்றுத்தரலாம் என்று அமெரிக்க இதயச் சங்கத்தின் வழிகாட்டு நெறிகள் சொன்னது 1974-இல்தான்.

சியாட்டில் நகரம் அதற்குக் காத்திருக்கவில்லை. அங்கே இதய மருத்துவர் லெனார்ட் காப், தீயணைப்புத் துறைத் தலைவர் கார்டன் விக்கரி என்று இரண்டு பேர். 1970-இல் தீயணைப்பு வீரர்களையே ஆம்புலன்ஸ் மருத்துவப் பணியாளர்களாக்கி ஒரு திட்டம் தொடங்கினார்கள். வண்டி வேகமாகத்தான் போனது. ஆனாலும் வண்டி வருவதற்கு முன்பே யாராவது நெஞ்சை அமுக்கிவிட்டிருந்த நோயாளிகள்தான் அதிகம் பிழைத்தார்கள். சரி, அப்படியானால் அந்த 'யாராவது'வை உற்பத்தி செய்துவிடுவோம் என்று 1972-இல் மெடிக் டூ என்ற பெயரில் ஊர் மக்களுக்கு வகுப்பு ஆரம்பித்தார்கள். லட்சம் பேர் என்பது இலக்கு. பாடம் நடத்தியவர்கள் பெரும்பாலும் தீயணைப்பு வீரர்கள், வகுப்பு சுமார் மூன்று மணி நேரம். சியாட்டிலும் அதைச் சுற்றியுள்ள கிங் கவுன்டியும் இன்றும் இந்தத் துறைக்கே அளவுகோல். மின்அதிர்ச்சிக்கு மசியக்கூடிய வகையில் இதயம் நின்றவர்களில் பாதிப் பேருக்கு மேல் பிழைத்து வீடு திரும்பிய வருடங்கள் அங்கே உண்டு. எண்பதுகளில் இன்னொன்றும் சேர்த்தார்கள். அவசர அழைப்பை எடுப்பவர் போனிலேயே, "முட்டி போடுங்கள், கையை நெஞ்சு நடுவில் வையுங்கள்" என்று சொல்லிக்கொடுப்பது. வகுப்புக்கு வராதவருக்கும் அந்த நேரத்தில் ஒரு வாத்தியார் கிடைத்துவிடுகிறார்.

வகுப்புக்கு வேண்டிய பொம்மை வந்த கதை தனி. நார்வேயின் ஸ்டாவாங்கர் நகரில் பொம்மை செய்து விற்றவர் ஆஸ்முண்ட் லார்டால். தண்ணீரில் மூழ்கிய தன் சின்ன மகனைத் தூக்கி, உலுக்கி, பிழைக்க வைத்தவர். வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கும் முறையைப் பரப்பிக்கொண்டிருந்த பீட்டர் சாஃபர் உள்ளிட்ட டாக்டர்களோடு சேர்ந்து 1960-இல் பயிற்சிப் பொம்மை ஒன்றைச் செய்தார். பார்த்தால் பயம் வராத முகமாக இருக்க வேண்டும் என்று, பாரிஸில் சேன் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத ஓர் இளம்பெண்ணின் முக அச்சைத் தேர்ந்தெடுத்தார். அந்தக் காலத்து வீடுகளில் சுவரில் மாட்டியிருந்த முகம் அது. லேசாகச் சிரித்தபடி கண்மூடியிருக்கும். எங்கள் கோர்ட்டில் கிடந்தது மலிவு மாடல், முகம் சரியாகவே இல்லை. இருந்தும் ஒரு சின்னப் பையன் கடைசி வரை பக்கத்தில் போகவில்லை.

குடும்பத்துக்குப் பாடம் போய்ச் சேரும் வழியை எனக்குத் தெரிந்து மிக அழகாகக் காட்டியது டென்மார்க். 2005-இல் பள்ளிகளில் இதைக் கட்டாயமாக்கினார்கள். அடுத்த வருடம் டிரைவிங் லைசென்ஸ் எடுப்பவர்களுக்கும் கட்டாயம். அதோடு ஒரு காரியம் செய்தார்கள். காற்றடைக்கும் சிறிய பொம்மையும் பார்த்துப் பழக ஒரு டிவிடியும் கொண்ட பெட்டி, சுமார் 35,000 எண்ணிக்கை, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்து, வீட்டுக்கு எடுத்துப் போங்கள், இரண்டு பேருக்காவது சொல்லிக்கொடுங்கள் என்றார்கள். பிறகு கணக்கெடுத்தபோது ஒரு பொம்மைக்குச் சராசரியாக இரண்டரைப் பேர் கூடுதலாகப் பழகியிருந்தார்கள். அம்மா, அப்பா, தம்பி, பக்கத்து வீட்டுப் பாட்டி. வாத்தியார் வேலையைப் பதின்மூன்று வயதுக்காரர்கள் செய்தார்கள், அரசாங்கத்துக்குச் சம்பளச் செலவு இல்லை.

டென்மார்க்கில் 2001-இல் இதயம் நின்று விழுந்தவர்களில் 21 சதவீதம் பேருக்குத்தான் பக்கத்தில் இருந்தவர்கள் நெஞ்சை அமுக்கினார்கள். 2010-இல் அது 45 சதவீதம் ஆயிற்று. முப்பது நாள் தாண்டிப் பிழைத்தவர்கள் 3.5 சதவீதத்திலிருந்து 10.8 ஆனார்கள். இதை முழுக்கப் பள்ளிக்கூடத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. பொது இடங்களில் ஏஇடி என்னும் மின்அதிர்ச்சிப் பெட்டிகள் வந்தன, ஆஸ்பத்திரி சிகிச்சை மேம்பட்டது, போனில் வழிகாட்டுவதும் வந்தது. ஆனால் பெட்டி தானாக எழுந்து வராது, போனில் சொல்வதைக் கேட்டுச் செய்யவும் ஒரு கை துணிய வேண்டும். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில், ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பை ஆட்டத்தின் நடுவே டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் சரிந்ததை உலகமே டிவியில் பார்த்தது. டாக்டர்கள் ஓடி வருவதற்குள் முதலில் அவரிடம் போனவர்களில் ஒருவர் கேப்டன் சைமன் கியர். மற்ற வீரர்கள் சுற்றி நின்று தங்கள் முதுகால் கேமராவை மறைத்தார்கள். நான் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். கூட விளையாடுகிறவன் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தான், அவ்வளவுதான்.

நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் மயக்க மருந்து டாக்டர்களின் அமைப்பு முன்னின்று, 2017-இல் பொதுமக்களுக்கென்று தனி முறை ஒன்றை வகுத்தது. அதில் வாயோடு வாய் வைப்பது கிடையாது. ஆளைச் சோதி, ஆம்புலன்ஸைக் கூப்பிடு, அமுக்கிக்கொண்டே இரு, வண்டி வந்ததும் ஏற்று. (தண்ணீரில் மூழ்கியவருக்கும் குழந்தைகளுக்கும் மூச்சும் கொடுக்க வேண்டும், அதைத் தனியாகப் பழக வேண்டும்.) இந்தச் சுருக்கம் புத்திசாலித்தனமானது. முன்பின் தெரியாதவர் வாயில் வாய் வைக்க வேண்டும் என்றதுமே நம்மில் பாதிப் பேர் பின்வாங்குவார்கள்.

பாடத்தில் இருக்கும் எண்கள் கொஞ்சம்தான். மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன் மேல் இன்னொரு கை. ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழம். நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுக்க மேலே எழும்ப விட வேண்டும். இதைக் கரும்பலகையில் எழுத ஒரு நிமிடம் ஆகாது. கை பழக ஒரு காலை ஆயிற்று.

எண்ணுவதில் முதல் சிக்கல் வந்தது. ஆங்கிலக்காரர்கள் முப்பது வரை எண்ணிக்கொண்டே அமுக்குவார்கள். தமிழில் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று பத்து வரை தாளம் கச்சிதமாக நிற்கிறது. பதினொண்ணு வந்ததும் நாக்கு இழுக்கிறது. இருவத்தொம்பது சொல்லி முடிப்பதற்குள் இரண்டு அமுக்கு அமுக்கியிருக்க வேண்டும். எண்ணிக்கை இழுக்க இழுக்கக் கையும் இழுத்தது. சிஸ்டருக்கு இது பழைய அனுபவம் போல. "பத்து வரைக்கும் எண்ணுங்க, திரும்ப ஒண்ணுல இருந்து வாங்க" என்றார். மேலைநாட்டில் தாளத்துக்கு ஒரு டிஸ்கோ பாட்டைச் சொல்லித் தருவார்கள். எங்களில் யார் வாயிலும் அது வரவில்லை. தவில் வாசிப்பவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தார். அவர் தொடையில் தட்டிக் காட்டிய பிறகு எல்லோருக்கும் வேகம் பிடிபட்டது.

சீனியரின் மனைவி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முட்டி போட்டார். முதலில் சப்பாத்தி மாவு பிசைவது மாதிரி அமுக்கினார். பொம்மைக்குள் சரியான ஆழம் போனால் 'டிக்' என்று சத்தம் வரும். வரவில்லை. "பொம்மை மேல இரக்கப்படாதீங்கம்மா. கையை மடக்காம, உடம்பு எடையைக் கொடுங்க." தோளை முன்னே கொண்டு வந்து, இடுப்பிலிருந்து விழுந்து அமுக்கினார். டிக். அவர் முகத்தில் வந்த ஆச்சரியத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் மூச்சு வாங்கிவிட்டது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்ற விதி ஏன் இருக்கிறது என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

விலா எலும்பு உடைந்துவிட்டால்? கேட்காத ஆள் இல்லை. உடையலாம்தான், அது கூடிவிடும். கட்டிலில் படுத்திருப்பவர் என்றால்? இலவம்பஞ்சு மெத்தையிலும் ஃபோம் மெத்தையிலும் அமுக்கினால் மெத்தைதான் அமுங்கும். பெட்ஷீட்டோடு சேர்த்துத் தரைக்கு இழுத்துவிட வேண்டும். வலிப்புக்காரர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது, விழுந்தவர் வாயில் சோடா ஊற்றுவது, முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டே இருப்பது எல்லாம் பேச்சில் வந்தன. ஒன்றும் பயனில்லை, மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றினால் புரையேறிப் போய்விடும் என்றார் சிஸ்டர். போலீஸ் கேஸ் ஆகுமா என்பது அடுத்து. சாலை விபத்தில் உதவுபவரைத் துன்புறுத்தக் கூடாது என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறிகளை உறுதி செய்தது, 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்திலும் அது ஏறிவிட்டது. ஆனாலும் பயம் சட்டப் புத்தகத்தைப் படித்துவிட்டு வருவதில்லை.

இன்னொரு தயக்கத்தை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. சிஸ்டரே எடுத்தார். விழுந்தது பெண் என்றால், ஆண்கள் நெஞ்சில் கை வைப்பீர்களா? நம் ஊர்க் கூச்சம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவில் 2017-இல் வந்த ஆய்வு ஒன்றில், பொது இடத்தில் விழுந்த ஆண்களில் 45 சதவீதம் பேருக்கு யாரோ கை வைத்திருந்தார்கள், பெண்களில் 39 சதவீதம் பேருக்குத்தான். வகுப்பில் அப்பாவும் மகளும், மாமியாரும் மருமகனும் ஒன்றாக உட்கார்ந்து, "ஆபத்துக்குப் பாவம் இல்லை, எனக்கு ஏதாவது ஆனா நீ செய்" என்று சொல்லிக்கொள்ள முடிந்ததைத்தான் அந்தக் காலையின் பெரிய லாபமாக நினைக்கிறேன். தனியாக ஒரு அரங்கில் உட்கார்ந்து கேட்டிருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது.

நம் நாட்டில் முதலுதவிப் பாடத்துக்குப் பஞ்சமில்லை. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் செஞ்சிலுவைச் சங்கமும் தலைமுறைகளாக நடத்துகின்றன. பஸ் கண்டக்டர் லைசென்ஸுக்கு முதலுதவிச் சான்றிதழ் கேட்பார்கள். பள்ளிகளில் ஜூனியர் ரெட் கிராஸ் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் பாடம் சான்றிதழோடு முடிந்துவிடுகிறது. ஃப்ளெக்ஸ் பேனர், பொன்னாடை, சிறப்பு விருந்தினர் நாற்பது நிமிடம் பேச்சு, ஒரு பொம்மை, அதை மேடையில் இரண்டு பேர் அமுக்கிக் காட்ட முந்நூறு பேர் கைதட்டல், குரூப் போட்டோ. இப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன், ஒன்றிரண்டை நானே நடத்தியும் இருக்கிறேன். கைதட்டிய கைக்கு எதுவும் ஒட்டாது. பழகிய கைக்கும் மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் மறக்கத் தொடங்கிவிடும் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து வருடத்துக்கு இரண்டு மணி நேரம் என்ற திட்டத்துக்கு உலக சுகாதார நிறுவனம் 2015-இல் ஆதரவு தந்தது.

இங்கேதான் கிளப்பும் சங்கமும் சுயஉதவிக் குழுவும் உதவுகின்றன. இவை திரும்பத் திரும்பக் கூடும் இடங்கள். இன்னொன்று, ஒரு ஆள் விழும்போது அமுக்குவது ஒரு வேலைதான், மற்ற வேலைகள் ஏழெட்டு உண்டு. யார் 108-க்குப் பேசுவது, யார் கேட்டைத் திறந்து தெருமுனையில் நிற்பது, யார் லிஃப்ட்டைத் தரைத்தளத்தில் பிடித்து வைப்பது, யார் கூட்டத்தை விலக்குவது. தனியாகக் கற்ற ஒருவர் இதையெல்லாம் அந்த நேரத்தில் ஏவிக்கொண்டிருக்க முடியாது. முன்பே பேசி வைத்த பத்துப் பேருக்கு ஏவல் தேவையில்லை. எங்கள் மைதானத்தில் ஒத்திகை பார்த்தபோதுதான் தெரிந்தது, பின்பக்கக் கேட்டின் சாவி வாட்ச்மேனிடம் மட்டும் இருக்கிறது, அவர் எட்டு மணிக்குத்தான் வருவார் என்று. பெயர்ப்பலகை இல்லாத மைதானத்துக்கு 108-இல் என்ன அடையாளம் சொல்வது என்பதிலும் ஆளுக்கு ஒரு பதில். தண்ணீர்த் தொட்டி என்றார் ஒருவர், மூடிப்போன ரேஷன் கடை என்றார் இன்னொருவர். தொட்டிதான் என்று முடிவு செய்து சுவரில் எழுதி வைத்தாயிற்று.

கிளப் பணத்தில் ஒரு பொம்மை வாங்கினோம். பழைய தலையணை உறைக்குள் ராக்கெட் அலமாரியில் படுத்திருக்கிறது. பையன்கள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு, ஆட்டம் ஆரம்பிக்கும் முன் ஆளுக்கு இரண்டு நிமிடம். சீனியரின் மனைவி அன்றைக்கு மட்டும் தவறாமல் வருவார், ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எல்லோருடைய 'டிக்'கையும் எண்ணுவார். போன மாதம் என் முறை வந்தபோது பதினைந்துக்கு மேல் சத்தம் வரவில்லை.

"கை மடங்குது தம்பி" என்றார். "திரும்ப ஒண்ணுல இருந்து வாங்க."